அக்கா மகனை ப்ரோ பாக்சிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா?

பாலாத்தங்கரை எழுதியது:

வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பளுதூக்கத்தான் போவார்கள். சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். என் அக்கா மகன் மட்டும் சின்ன வயதிலேயே கிளவுஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். இப்போது அவனுக்கு 20. அமெச்சூரில் 34 ஃபைட், 23 ஜெயித்திருக்கிறான், மாநில அளவில் ஒரு வெள்ளி. எடை 63 கிலோ. பகலில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் பேக்கிங் வேலை.

போன வாரம் வெளி மாநிலத்தில் இருந்து ஒரு ப்ரொமோட்டரின் ஆள் போன் செய்தார். நான்கு ரவுண்டு, முதல் ப்ரோ ஃபைட், அதாவது காசுக்கு ஆடுகிற தொழில்முறைச் சண்டை. 20,000 ரூபாய், இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட், ரூம். ஃபைட்டுக்கு 18 நாள்தான் இருக்கிறது. எதிராளி அந்த ஊர்ப் பையன், 6 ஃபைட் ஆடி ஆறும் ஜெயித்தவன். ‘இதில் நல்லா பண்ணினா அஞ்சு வருஷ அக்ரிமெண்ட், நாங்களே மேனேஜர், நாங்களே ப்ரொமோட்டர், எல்லாம் நாங்க பாத்துக்கறோம், 40 சதவீதம் எங்களுக்கு’ என்கிறார்கள்.

பையன் சோறு தண்ணி இல்லாமல் குதிக்கிறான். அக்கா ஒரே அழுகை. மாமன் நான் முடிவு சொல்ல வேண்டுமாம். எனக்கு பாக்சிங் டிவியில் பார்த்ததோடு சரி. யாருக்கு யார் என்று எதிராளியை எப்படி முடிவு செய்கிறார்கள்? 6-0 ஆளோடு முதல் ஃபைட் என்பது வழக்கமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

அண்ணா, யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்கள். பயந்தவன் ரிங்கில் ஏற முடியாது. லோமசெங்கோ இரண்டாவது ப்ரோ ஃபைட்டிலேயே உலக டைட்டிலுக்கு ஆடினார். நம்ம நிஷாந்த் தேவ் 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் முதல் ஃபைட், முதல் ரவுண்டிலேயே ஆளை முடித்துவிட்டார். 34 ஃபைட் அனுபவம் இருக்கிற பையனுக்கு 6-0 ஒரு பெரிய விஷயமா? ஜெயித்தால் ஒரே ராத்திரியில் பெயர் வந்துவிடும்.


ஸ்டூல்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த போன் எனக்கு நன்றாகத் தெரிந்த போன். அதே போனை நானே பல பேருக்குப் போட்டிருக்கிறேன்.

நான் வாலாஜாக்காரன். எங்கள் நைனா 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடியதைப் பார்க்க, வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயிலேறிப் போனவர். அந்தக் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டது. பதினாறு வருஷம் கார்னரில், அதாவது ரவுண்டு இடைவெளியில் ஆடுகிறவனைக் கவனிக்கிற ரிங் மூலையில், ஸ்டூலும் வாளியும் தூக்கினேன். நடுவில் மூன்று வருஷம், யாரோடு யார் ஆடுவது என்று முடிவு செய்யும் ஒரு மேட்ச்மேக்கருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை.

ஆள் பிடிப்பது என்றால் இப்படி. ஒரு ஷோவில் எட்டு ஃபைட் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் ப்ரொமோட்டரின் பையன் நிற்பான். அவன் படம் போஸ்டரில் ஏறிவிட்டது. அவன் மச்சான், சித்தப்பா, ஜிம் கூட்டம் எல்லாரும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். எதிர் மூலை காலி. அந்தக் காலி மூலைக்கு ஆள் தேடுவதுதான் என் வேலை. எடை ஒத்துப்போக வேண்டும். போஸ்டரில் போட ஏதாவது ஒரு பட்டம் இருக்க வேண்டும், மாநில வெள்ளி தாராளமாகப் போதும். கூட்டம் கத்துகிற அளவுக்குச் சண்டை போட வேண்டும். ஆனால் ஜெயிக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரியை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காசு கொடுத்துத் தோற்கச் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள், அதற்குத் தேவையே இல்லை. ஊர் அவன் ஊர். அவனுக்கு இரண்டு மாதம் முன்பே தேதி தெரியும், உங்கள் பையனுக்கு 18 நாள், அதிலும் பகலெல்லாம் பேக்கிங் வேலை. எடை அவனுக்குத் தோதான எடை. நெருக்கமான ரவுண்டு என்றால் கூட்டம் யாருக்குக் கத்துகிறதோ அந்தப் பக்கம் சாயாத ஜட்ஜ் அபூர்வம். இத்தனையும் ஒரு தட்டில் வைத்தால் தராசு தானாகவே இறங்கும்.

‘தைரியமான பையன்னு கேள்விப்பட்டோம்’ என்று சொன்னார்களா? நான் தவறாமல் சொல்லுவேன். அதற்கு மறு பேச்சே வராது.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 6-0 வழக்கமா என்பதை அல்ல. இந்த ஃபைட் யாருக்காகப் போடப்பட்டது என்பதைத்தான். காட்பாடி தம்பி நிஷாந்த் தேவ் பெயரைச் சொன்னார். அவர் 2023 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், பாரிஸ் ஒலிம்பிக்கில் கால் இறுதி. அந்த லாஸ் வேகாஸ் ஃபைட்டை அவருக்காகவே தேடிப் போட்டார்கள். எதிர் மூலையில் நின்ற அமெரிக்கரின் பெயர் நம்மில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அக்கா மகனை அந்த மூலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

லோமசெங்கோ கதையையும் பாதியில் விட்டுவிட்டார். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு வந்த மனிதர் அவர். அப்படியும் 2014 மார்ச்சில் அந்த இரண்டாவது ஃபைட்டில் ஒர்லாண்டோ சலிடோவிடம் தோற்றார். சலிடோ எடையே சரியாக வரவில்லை, கூடுதல் எடையோடு ஏறினார். ரிங்கில் இடுப்புக்குக் கீழே அடி, கட்டிப்பிடி, சாய்ந்து தொங்குவது என்று அமெச்சூரில் பார்க்காத எல்லாவற்றையும் காட்டினார். லோமசெங்கோ அடுத்த ஃபைட்டிலேயே டைட்டில் எடுத்தார் என்றால் அது லோமசெங்கோ.

என் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன், 3-0. நான்தான் கார்னர். வேறு மாநிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஷோ. முதல் நாள் சாயங்காலம் எடை பார்த்தார்கள். எங்கள் பையன் இரண்டு நாளாகத் தண்ணீரைக்கூட வாய் கொப்பளித்துத் துப்பி, தராசில் 60.9. எதிராளி 63.4. ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டான், வெட்கமே இல்லை. ப்ரொமோட்டரின் ஆள் என் தோளில் கை போட்டு, ‘அஞ்சாயிரம் சேத்துத் தரோம், ஆடிடுங்க, ஹால் ஃபுல்லு’ என்றார். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்னும் நான் விழுங்கவில்லை.

ப்ரோவில் எடை முந்தின நாளே பார்த்துவிடுவார்கள், அமெச்சூர் மாதிரி அன்று காலை இல்லை. இரவெல்லாம் தின்று குடித்து எதிராளி மறுநாள் 67, 68 கிலோவில் வந்து நின்றான். அது போதாதென்று இடதுகைக்காரன். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பையன் இடதுகைக்காரனோடு ஸ்பாரிங்கே (பயிற்சிச் சண்டை) போட்டதில்லை. முன்னங்கால் அவன் முன்னங்காலில் மோதி மோதித் தடுமாறினான். இரண்டாவது ரவுண்டில் ஒரு இடது கை, முழங்கைக்குக் கீழே, ஈரலில். சத்தம் எனக்குக் கேட்டது, ஈரத் துணியைத் துவைக்கிற கல்லில் அடித்த மாதிரி. பையன் உடனே விழவில்லை. ஒரு மூச்சு கழித்து, யாரோ கூப்பிட்டது போல மெதுவாக மண்டியிட்டான்.

திரும்பி வரும்போது ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, காட்பாடி வரும்வரை ஒரே கேள்வி. ‘ணா, மொத ரவுண்டு நான்தான எடுத்தேன்?’ நிஜமாகவே அவன்தான் எடுத்தான். அதற்குப் பிறகு அவன் ரிங்கில் ஏறவில்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அவனுக்குள் ஆறேழு வருஷ பாக்சிங் மிச்சம் இருந்தது.

சரி, உங்கள் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். நல்ல மேட்ச்மேக்கர் எதிராளியை எப்படித் தேர்ந்தெடுப்பார்? ஜோடி போடுவது என்றுதான் நாங்கள் சொல்வோம். நம் பக்கம் காளை விடும் விழாவுக்குக் கன்று பழக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எடுத்த எடுப்பில் ஐம்பதாயிரம் பேர் நிற்கிற தெருவில் அவிழ்த்துவிட மாட்டார்கள். முதலில் சின்ன ஊர், கூட்டம் குறைவு, மேளச் சத்தம் காதுக்குப் பழகட்டும், தெரு முடிவில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியட்டும் என்பார்கள். அதே கணக்குத்தான்.

முதல் எதிராளி அனுபவம் உள்ளவனாக, ஆனால் கனமாக அடிக்காதவனாக இருக்க வேண்டும். இரண்டு ரவுண்டாவது நின்று, கட்டிப்பிடித்து, தோளால் இடித்து, பையனுக்கு ப்ரோ என்றால் என்ன என்று காட்ட வேண்டும். தொட்டால் விழுகிறவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் ரெக்கார்டில் ஒன்று ஏறும், பையன் ஒன்றும் கற்றிருக்க மாட்டான். அப்புறம் ஒரு உயரமானவன். அப்புறம் ஒரு இடதுகைக்காரன், ஆனால் மெதுவானவன். அப்புறம் விடாமல் மேலே ஏறி வருகிறவன். ஒவ்வொரு ஆளும் பையனிடம் புதிதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஒரே நேரத்தில் மூன்று கேள்வி கேட்கக் கூடாது. ரவுண்டும் நாலு, ஆறு, எட்டு என்று ஏறும்.

மைக் டைசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் மட்டும் 15 ஃபைட், பாதிக்கு மேல் முதல் ரவுண்டிலேயே முடிந்தது. ஆனால் 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன் என்று அடுத்தடுத்து இரண்டு பேர், இருவரும் பத்து ரவுண்டும் நின்றார்கள். சனங்கள் டைசனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஜோடி போட்டவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பத்து ரவுண்டு போனால் பையன் மூச்சு வாங்குகிறானா, நாக்அவுட் வரவில்லை என்றால் பதறுகிறானா என்று தெரிய வேண்டும் இல்லையா. அந்த நவம்பரில் 20 வயதில் உலக சாம்பியன்.

நம் ஊர்க் கணக்குக்கு விஜேந்தர் சிங். 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் ஃபைட், நாலு ரவுண்டு. முதல் ஆறு பேரும் நேரத்துக்கு முன்பே முடிந்துபோனார்கள். ஏழாவதாக 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப், முன்னாள் ஐரோப்பிய சாம்பியன், பத்து ரவுண்டு. பெயர் இருந்தது, ஆனால் நல்ல காலம் கடந்துவிட்ட ஆள். பத்து ரவுண்டும் முழுசாகப் போனது, விஜேந்தர் ஜெயித்தார். அப்பழுக்கில்லாத ஜோடி. பின்னால் 2019 நவம்பருக்கு அப்புறம் ஃபைட்டே இல்லாமல் 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கப்பல் மேல் ரஷ்யாவின் லோப்சான். உயரமான, வயதில் இளையவன். ஐந்தாவது ரவுண்டில் முதல் தோல்வி. பதினாறு மாதம் சும்மா இருந்த 35 வயதுக்காரருக்கு அந்த ஆள் சரியா என்று நான் அன்றே டீக்கடையில் கத்தினேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

6-0 பற்றி. பாக்ஸ்ரெக் என்று ஒரு தளம் இருக்கிறது, அதில் அந்தப் பையன் பெயரைப் போடுங்கள். அவன் ஜெயித்த ஆறு பேரும் சேர்ந்து மொத்தம் எத்தனை ஃபைட் ஜெயித்திருக்கிறார்கள் என்று கூட்டிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ வந்தால் அந்த ஆறுக்கு மதிப்பில்லை. அதற்காக அவன் சுலபம் என்று அர்த்தமில்லை, அவனும் ஜிம்மில் நல்ல ஆளாக இருக்கலாம்.

அக்ரிமெண்ட் விஷயம். ஒரே ஆள் மேனேஜராகவும் ப்ரொமோட்டராகவும் இருக்கிறான் என்றால் உங்கள் பையனுக்காகப் பேரம் பேசுபவன் யார்? பணம் கொடுப்பவனும் அவன், ‘இது கம்மி, இன்னும் கொடு’ என்று கேட்க வேண்டியவனும் அவன். அமெரிக்காவில் 2000-இல் முகமது அலி பெயரிலேயே சட்டம் போட்டு, ஒருவரே இரண்டு பக்கமும் உட்காரக் கூடாது என்று பிரித்தார்கள். இங்கே அப்படி இல்லை, நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். மேனேஜருக்கு பிரிட்டனில் 25 சதவீதம், அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு என்பதே உச்சம். 20,000-இல் 40 சதவீதம் என்றால் 8,000 போச்சு. கோச்சுக்குப் பத்து சதவீதம் போச்சு. மிச்சத்தில் பையன் மூக்குக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம்.


காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

ஸ்டூல் அண்ணா, சலிடோ விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோற்றால்தான் என்ன? பின்னால் உலக சாம்பியனான பெர்னார்ட் ஹாப்கின்ஸ் முதல் ஃபைட்டே தோற்றவர். அதே மாதிரி சாம்பியனான பக்கியோவையும் 1996-இல் நாக்அவுட் பண்ணியிருக்கிறார்கள். ரெக்கார்டில் ஒரு கறைக்காகப் பயந்து உட்கார்ந்தால் எப்படி?


ஸ்டூல்காரன் எழுதியது:

தம்பி, நான் கறைக்குப் பயப்படச் சொல்லவில்லை. தோல்வி வரட்டும், எதற்காகத் தோற்றோம் என்பது நம் கையில் இருக்கட்டும். பத்துப் பதினைந்து நாளில் போன் வந்து ஏறித் தோற்பதை ஒரு தொழிலாகவே செய்கிறவர்கள் உண்டு, அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பர்மிங்ஹாமில் பீட்டர் பக்லி என்று ஒருவர், 300 ஃபைட், அதில் 256 தோல்வி. எதிரே நிற்கிற சின்னப் பையனுக்குப் பாடமும் நடத்துவார், தானும் அடிபடாமல் இறங்குவார். வெள்ளிக்கிழமை சம்பளம் மாதிரி அது ஒரு உத்தியோகம். தெரிந்து செய்தால் சரி. ஹாப்கின்ஸ் தோற்ற பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ரிங் பக்கமே வரவில்லை, வந்தபோது வேறு ஆளாக வந்தார். 20 வயதுப் பையனுக்கு நான் ப்ராஸ்பெக்ட், மேலே வரப்போகிற ஆள் என்று நினைப்பு, கூப்பிட்டவனுக்கு இவன் பக்லி என்று கணக்கு. அந்த இடைவெளியில்தான் ஆள் உடைகிறான்.


ஆம்பூர் அக்கா எழுதியது:

நான் நர்ஸ், என் தங்கை பாக்சிங் ஆடுகிறாள். இரண்டு விஷயம் மட்டும்.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. ரயில்வே, போலீஸ் எல்லாம் அமெச்சூர் மெடலைத்தான் பார்க்கும். மாநில வெள்ளி இருக்கிற பையன் இன்னும் ஒரு நேஷனல் மெடலுக்கு முயற்சி பண்ணலாம் அல்லவா. ப்ரோவுக்குக் கையெழுத்து போட்டுவிட்டால் அந்தக் கதவு பிறகு திறக்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று மெடிக்கல். எந்த டெஸ்ட்டும் கேட்காமல் ஃபைட் கொடுக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தலைக்கு எம்ஆர்ஐ, கண்ணின் விழித்திரை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை இவ்வளவும் வேண்டும். அமெச்சூரில் அவன் எடைக்கு 10 அவுன்ஸ் கிளவுஸ், ப்ரோவில் 8 அவுன்ஸ், பஞ்சு அவ்வளவு குறைவு. ரிங் பக்கத்தில் டாக்டரும் வெளியே ஆம்புலன்ஸும் இருக்குமா என்றும் கேளுங்கள். 1949-இல் இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தது நம்ம வேலூர் சிஎம்சியில். அந்த ஊரில் இருந்துகொண்டு ஸ்கேன் எடுக்காமல் ரிங்கில் ஏறினால் நன்றாகவா இருக்கும்?


பாலாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டூல் அண்ணா சொன்னபடி உட்கார்ந்து கூட்டினேன். அந்தப் பையன் ஜெயித்த ஆறு பேரும் சேர்ந்து ஜெயித்தது இரண்டு ஃபைட். அதில் ஒருவனை இரண்டு முறை ஜெயித்திருக்கிறான், அதனால் ஆள் ஐந்துதான்.

நேற்று இரவு போன் செய்தேன். எதிராளி எந்தக் கை என்று கேட்டேன். ‘ரெண்டு கையும் நல்லா போடுவான்’ என்று சிரித்தார். எடை தாண்டினால் ஃபைட் கேன்சல் என்று எழுதித் தருவீர்களா என்றேன். ‘பாத்துக்கலாம் சார்’ என்றார். மெடிக்கல் என்ன வேண்டும் என்றதற்கு, ‘ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் போதும், நம்ம டாக்டரே போட்டுத் தருவார்’. எட்டு வாரம் டைம் கொடுத்தால் பையனை அனுப்புகிறேன் என்றேன். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை.

பையனிடம் சொன்னேன். ரெண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் இந்தப் பக்கத்தை அவனே உட்கார்ந்து படித்தான். அந்த ரயில் பெர்த் கதை வந்ததும் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கயிறு ஆடுகிற சத்தம் கேட்டது. காலையில் வந்து கேட்டது ஒன்றுதான்: ‘மாமா, இடதுகைக்காரன்கூட ஸ்பாரிங் போடணும், எங்க கெடைப்பான்?’


ஸ்டூல்காரன் எழுதியது:

என்னிடம் ஒருத்தன் இருக்கிறான். குடியாத்தம், 66 கிலோ, மெதுவான ஆள், ஆனால் இடது கை நேராக வரும். ஞாயிறு காலை ஐந்தரைக்கு கோட்டை மைதானத்துக்கு அனுப்புங்கள், வெயில் ஏறுவதற்குள் ஆறு ரவுண்டு முடித்துவிடலாம். 16 அவுன்ஸ் கிளவுஸ் அவனே கொண்டுவரட்டும், என்னுடையது கட்டைவிரல் பக்கம் கிழிந்து கிடக்கிறது.